பள்ளிக்கூடத்து நிலம்: எந்த ஒய்.பி.யிடம் போவது?

போன மாதம் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஒரே விஷயத்தைப் பேசினோம். பள்ளி நிற்கும் இடம் இன்னும் தோட்டக் கம்பெனியின் பெயரில்தான் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் செம்பனையைச் சாய்த்துவிட்டு வீடமைப்புத் திட்டத்துக்குப் பலகை நட்டுவிட்டார்கள். நம் பக்கம் அந்தப் பலகை வருவதற்கு முன் யாரிடம் போவது? ஒருவர் மகஜர் கொடுக்கலாம் என்றார். ஒருவர் எம்.பி.யைப் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் பத்திரிகைக்குப் போனால்தான் வேலை நடக்கும் என்றார். கடைசி வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து, "எதுக்கு சுத்தி வளைக்கணும், நேரா பிரதமருக்கே எழுதுங்க" என்றார். தேத்தண்ணி ஆறிப்போனது, முடிவு எதுவும் வரவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், பிறகு செம்பனை, இப்போது நடுநடுவே தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகள். இங்கு மட்டுமல்ல, சுங்கை சிப்புட், பாகான் செராய், லூனாஸ் என்று எந்தத் தோட்டத்து ஊரை எடுத்தாலும் இதே கேள்வி ஒரு நாள் வந்து நிற்கும். அதனால் கூட்டத்துக்குப் பிறகு நான் விசாரித்ததையும் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலப் பிரச்சினை என்றால் முதலில் சட்டமன்ற உறுப்பினர். எம்.பி. அதற்கு அப்புறம். (இருவரையும் நாம் ஒய்.பி. என்றுதான் சொல்வோம்.) மகஜர், பத்திரிகை எல்லாம் இந்த இரண்டு இடத்துக்கும் கொண்டுபோகும் கருவிகள், தனி வழிகள் இல்லை. நீதிமன்றம் கடைசி.

ஏன் என்று கேட்டால், கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் பார்க்க வேண்டும். எது கோலாலம்பூர் நாடாளுமன்றத்தின் வேலை, எது மாநிலத்தின் வேலை என்று அங்கே பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கல்வி கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது, நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாமில் இருக்கும் 56 சட்டமன்ற உறுப்பினர்களும் கைதூக்கினாலும் தமிழ்ப்பள்ளியின் பாடத்திட்டத்தில் ஒரு வரியை மாற்ற முடியாது. அதேபோல் புத்ராஜெயாவில் கல்வி அமைச்சரே மனம் வைத்தாலும் பள்ளிக்கூடத்து நிலத்தின் கிராண்டில் (நிலப் பட்டாவில்) தானாகப் பெயரை மாற்ற முடியாது, மாநிலத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஆட்கள் பல வருடம் தவறான வாசலில் நின்றதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பள்ளி என்றதும் கல்வி அமைச்சு என்று ஓடிவிடுகிறோம். பள்ளிக்கு அடியில் இருக்கும் மண் வேறொருவரின் கோப்பில் இருக்கிறது.

இந்தச் சிக்கலின் வேர் பழையது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. துரையும் தன் நிலத்திலேயே ஒரு கொட்டகையைப் போட்டார். சில இடங்களில் கிராணியே (தோட்டக் கணக்கரே) வாத்தியார். சுதந்திரத்தின்போது நாட்டில் 800க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. கொட்டகை கல் கட்டடமாகிவிட்டது, ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வருகிறது, நிலம் மட்டும் கம்பெனியிடமே தங்கிவிட்டது. அதனால்தான் பல பள்ளிகள் இன்னமும் 'பகுதி உதவி' பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன.

சரி, எந்த வழி என்று பார்ப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த ஒய்.பி.யிடம் போனாலும், "நிலம் யார் பெயரில் இருக்கு?" என்ற முதல் கேள்வியிலேயே திரும்பி வர வேண்டியிருக்கும். நிலப் பதிவைத் தேடிப் பார்ப்பது யாரும் செய்யலாம், கட்டணம் கட்டினால் போதும். எனக்கு லாட் நம்பர் தெரியவில்லை. எங்கள் பள்ளி வாரியத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராணி ஐயாவிடம் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் பழைய நிலவரி ரசீது ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. "தம்பி, கிழிஞ்சிடும், போட்டோ எடுத்துக்கோ, குடுக்க மாட்டேன்" என்றார்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு கோலசிலாங்கூர் மாவட்ட நில அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட கிராமப்புற நிலத்தின் பதிவு மாநில நில அலுவலகத்தில் இருக்கும், அதாவது ஷா ஆலாமில். கைக்கு வந்த தாளில் உரிமையாளர் இடத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. வகை: பெர்த்தானியான், விவசாயம். நிபந்தனை: கெத்தா, ரப்பர். மரமே இல்லாத ரப்பர்! பள்ளிக்கூடம் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. மூன்று தலைமுறை படித்த இடம் அரசாங்கப் பதிவில் இன்னும் ஒரு ரப்பர் காடு.

இந்தத் தாளைப் பார்த்ததும்தான் சட்டமன்ற உறுப்பினரின் வழி ஏன் முதலில் வருகிறது என்று எனக்கே புரிந்தது. விவசாயம் என்று எழுதியிருக்கும் நிலத்தில் வீடமைப்புத் திட்டம் கட்ட முடியாது. கம்பெனி தேசிய நிலச் சட்டத்தின்படி நிலத்தின் வகையை மாற்றச் சொல்லி மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டுபோட்டு விற்பதென்றால் தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் வேண்டும். இந்த வாரியம் எதற்கு வந்தது என்று வயதானவர்களைக் கேட்டால் 'தோட்டத் துண்டாடல்' என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். துரைமார் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்று, தொழிலாளிகளை நடுத்தெருவுக்கு அனுப்பிய காலம் அது. 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கப் புறப்பட்டதும் அதே காரணத்துக்குத்தான்.

அந்த விண்ணப்பம் மாநில ஆட்சிக்குழுவின் (மாநில அமைச்சரவை போன்றது) மேசைக்கு வரும் நாளில்தான் பிடி நம் பக்கம் இருக்கிறது. நில மாற்றத்துக்கு அனுமதி கொடுக்கும்போது மாநில அரசு நிபந்தனை போடலாம். இத்தனை ஏக்கரைப் பள்ளிக்கு என்று ஒதுக்கி அரசாங்கத்திடம் ஒப்படை, பிறகு மற்ற இடத்தில் வீடு கட்டு என்று சொல்லலாம். அப்படி ஒப்படைத்த நிலத்தை அரசிதழில் பள்ளி ஒதுக்கீடாக அறிவித்துவிட்டால் நம் பிரச்சினை முடிந்தது. கம்பெனிக்கும் இதில் பெரிய நஷ்டம் இல்லை, ஆயிரம் வீடு கட்டப் போகிறவருக்கு நாலைந்து ஏக்கர் ஒரு பொருட்டில்லை. ஆனால் அனுமதி கிடைத்த பிறகு கேட்டால் அதே நாலைந்து ஏக்கருக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். காலம் தப்பினால் எல்லாம் தப்பியது.

ஆட்சிக்குழுவின் தாள்களை நாம் கேட்டு வாங்க முடியாது, 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால் சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2011இல் மாநிலச் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மாநில இலாகாவுக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ எழுத்து மூலம் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பினாங்கிலும் இதுபோன்ற சட்டம் இருக்கிறது. பேராக், கெடா வாசகர்களுக்கு இது கிடையாது, அவர்கள் ஒய்.பி.யின் வாயைத்தான் நம்ப வேண்டும். பள்ளி என்ற சொல்லே இல்லாத ஒரு மாநிலச் சட்டம் பள்ளிக்கு உதவுகிறது பாருங்கள். இப்படிப்பட்ட சட்டங்களைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம்.

இன்னொன்று உள்ளூர்த் திட்டம். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழிற்சாலை, எந்த இடத்தில் பள்ளி என்று நகராண்மைக் கழகம் வரைபடம் போடும். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி அந்த வரைவைக் குறைந்தது நான்கு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். ஒரு முறை அப்படி வைத்திருந்தபோது வேறு வேலையாகப் போன நான் எட்டிப் பார்த்தேன். மேசை மீது பெரிய வரைபடம், பக்கத்தில் ஆட்சேபப் பாரம் ஒரு கட்டு, மேலே ஒரு பேனா. ஆட்கள் யாரும் இல்லை. பாரத்தின் மேல்தாள் மட்டும் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளி இருக்கும் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். தெருவில் 500 பேரைக் கூட்டிச் சத்தம் போடுவதைவிட அந்தப் பாரத்தில் 50 பேர் தனித்தனியாக எழுதிப் போட்டிருந்தால், அது கோப்பில் ஏறியிருக்கும், விசாரணையில் எழுந்து பேசவும் இடம் கிடைத்திருக்கும்.

அப்புறம் மாநில வரவு செலவுத் திட்டம். சிலாங்கூரில் அது நவம்பரில் சட்டமன்றத்துக்கு வரும். தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநிலம் வருடா வருடம் கொடுக்கும் மானியம் அதன் வழியாகத்தான் வருகிறது. செப்டம்பருக்குள் கேட்டால் பட்டியலில் இடம் இருக்கும், டிசம்பரில் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள்.

இந்த வழியில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வாய்மொழி வாக்குறுதி இங்கே மலிவு. எங்கள் பள்ளிக்கே ஒரு முறை ஓர் அரசியல்வாதி வந்து, மாலை போட்டுக்கொண்டு, நிலம் உங்களுக்குத்தான் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். கைதட்டினோம், படம் எடுத்தோம். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. தேர்தலுக்குப் பிறகு அவரும் அந்தப் பதவியில் இல்லை, அந்தப் பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. எங்கள் வட்டாரத்தில் 2007 ஏப்ரலில் நடந்த இஜோக் இடைத்தேர்தல் ஊருக்கே ஞாபகம் இருக்கும். தேர்தல் காலத்தில் ரோட்டுக்குத் தார் கிடைக்கும், நிலத்துக்குக் கிராண்ட் கிடைக்காது. தார் போட ஒரு லாரி போதும், கிராண்டுக்கு ஆறு இலாகாவின் கையெழுத்து வேண்டும். ஆகவே தேர்தலுக்குக் காத்திருப்பவர்கள் ரோட்டைக் கேளுங்கள். நிலத்தைக் கேட்கிறவர்கள் தேர்தல் இல்லாத சாதாரண நாளில் போங்கள்.

எம்.பி.யின் வழி வேறு வகை. 222 பேர் உட்கார்ந்திருக்கும் மக்களவையில்தான் பள்ளியைப் பற்றிய சட்டம் பிறக்கிறது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 21(2) என்று ஒரு பிரிவு இருந்தது. தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியை, அதாவது சீன, தமிழ்ப்பள்ளியை, மலாய்வழித் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அது அமைச்சருக்குக் கொடுத்தது. நம் ஆட்களும் சீனர்களும் பல வருடம் அதை எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லாமல் போக 35 வருடம் ஆனது. அந்தப் புதுச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, அமைச்சர் தேசிய மாதிரிப் பள்ளிகளை அமைக்கலாம் என்றும், அமைத்தவற்றைப் பராமரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 'அமைக்கலாம்', ஆனால் 'பராமரிக்க வேண்டும்'. இந்த இரண்டு வினைச்சொல்லுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தை மகஜர் எழுதுகிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. கூரை ஒழுகினால், கழிப்பறை இடிந்தால், ஆசிரியர் பற்றாக்குறை என்றால் பிடிக்க வேண்டிய சொல் இரண்டாவது சொல்.

நாடாளுமன்ற வழியில் சட்டமே மாறாவிட்டாலும் கொள்கை மாறும். 2019இல் நான்காம் ஆண்டு மலாய் மொழிப் பாடத்தில் ஜாவி எழுத்து (அரபு எழுத்தில் மலாய்) வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆறு பக்கம் என்றார்கள், பிறகு மூன்று பக்கம் ஆனது, கடைசியில் சீன, தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டுத்தான் நடத்த வேண்டும் என்றார்கள். அங்கே மகஜர், கூட்டம், பத்திரிகை எல்லாம் வேலை செய்தன. ஏனென்றால் கேட்டது பாடம் பற்றி, கேட்டவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள், பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே அமைச்சர். எங்கள் ஊர் நாலு ஏக்கருக்கு நாடு திரளாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

எம்.பி.யை விட்டுவிடச் சொல்லவில்லை. மக்களவையில் அவர் ஒரு கேள்வி போட்டால் அமைச்சு பதில் எழுதியாக வேண்டும், அந்தப் பதில் நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்டில் ஏறும். "இந்தப் பள்ளிக்கு நிலம் கிடைத்தால் முழு உதவிப் பள்ளியாக்க அமைச்சு தயாரா?" என்று ஒரு கேள்வி. "தயார்" என்ற பதிலோடு சட்டமன்ற உறுப்பினரிடம் திரும்பி வந்தால், மாநிலத்துக்குச் சாக்கு இல்லை. இரண்டு ஒய்.பி.யும் வேறு வேறு கட்சியாக இருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே மேடையில் கூப்பிட்டுவிடாதீர்கள். தனித்தனி நாள், தனித்தனிக் கடிதம், ஒரே கோரிக்கை.

மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் போடுவதை ஒரு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். போடத்தான் வேண்டும், நகலாக. அங்கே இருப்பவர்களுக்கு நிலத்தில் அதிகாரம் இல்லை. ஆனால் மாணவர் எண்ணிக்கை அவர்களிடம் இருக்கிறது. 150க்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் ஏறிவிடுவோம். பிறகு, இந்த இடத்தில் பள்ளி தேவையா, வேறு தாமானுக்கு மாற்றலாமா என்ற பேச்சு வரும். மாற்றுவது எப்போதும் கெடுதல் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் தாமானில் இருக்க, பள்ளி மட்டும் காலியான தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் நிற்பதில் என்ன பெருமை? கூட்டத்தில் இதைச் சொன்னபோது நான்கு பேர் முறைத்தார்கள். இருந்தாலும் புதிய இடத்தில் நிலம் கேட்பதும் மாநிலத்திடம்தான், வாசல் மாறவில்லை.

ஒரு விஷயம், தலைமையாசிரியரை முன்னால் தள்ளாதீர்கள். அவர் அரசு ஊழியர், பத்திரிகையில் வாய் திறக்க முடியாது. கையெழுத்து பள்ளி வாரியத் தலைவருடையதாகவும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருடையதாகவும் இருக்கட்டும். பெற்றோர் பேசினால் யாரும் மாற்றல் உத்தரவு அனுப்ப முடியாது.

பத்திரிகை பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. தமிழ்ப் பத்திரிகையில் வந்தால் நம் ஆட்கள் படிப்பார்கள், நில அலுவலகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். கடிதத்துக்குப் பதில் வராத மூன்றாவது மாதத்தில் அது உதவும். முதல் வாரத்திலேயே போனால், உதவி செய்ய நினைத்தவரும் பின்வாங்கிவிடுவார்.

நீதிமன்றம். தாய்மொழிப் பள்ளிகளே அரசியலமைப்புக்கு விரோதம் என்று சிலர் தொடுத்த வழக்கு 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது, 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது, 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க அனுமதி தரவில்லை. பள்ளி என்ற அமைப்புக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தத் தீர்ப்புகள் எங்கள் லாட் நம்பரைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனியின் கிராண்டில் கம்பெனியின் பெயர் இருக்கும்போது, உணர்ச்சியை வைத்துக்கொண்டு நிலச் சட்டத்தின் முன் நிற்க முடியாது. வக்கீல் செலவை நினைத்தாலே போதும்.

இந்த வாரம் திரும்பவும் கூடினோம். இந்த முறை அரை மணி நேரம்தான். நிலத் தேடல் தாள், மாணவர் எண்ணிக்கை, 'நிலத்தைப் பள்ளிக்கு ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க வேண்டும்' என்று ஒற்றை வரிக் கோரிக்கை, இரண்டு தலைவர்களின் கையெழுத்து. கடிதம் மலாயில் ஒரு பக்கம், அதற்கு மேல் போகக் கூடாது என்று கிராணி ஐயா பிடிவாதமாக இருந்தார். நகல் ஒன்றை நம் கையில் வைத்துக்கொண்டு, சேவை மையத்தில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்க வேண்டும். மைக்கில் கேட்ட வாக்குறுதியில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் அந்தச் சாப்தான்.

வரும் சனிக்கிழமை நான், கிராணி ஐயா, கடைசி வரிசை அக்கா மூவரும் போகிறோம். அக்கா பிரதமருக்கும் ஒரு கடிதத்தை எழுதி முடித்துவிட்டார். அதையும் கோப்பில் கடைசித் தாளாக வைத்திருக்கிறேன்.